கஞ்சித் தொட்டியும் அதற்கு அடுத்த வரியும்

வில்லியனூர் ரயில் நிலையச் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை. போதகர் ஞானவரம் ஐயாவின் புதிய நூலுக்குப் பிழை திருத்தப் படி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவருடைய மகள் அழைத்தார். "அப்பா போயிட்டாங்க அங்கிள்." இன்னும் எத்தனை பக்கம் என்று கடைக்காரர் கேட்டார். எடுத்த வரைக்கும் காசு கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

மெதடிஸ்ட் மிஷன் வரலாறு பற்றிய அவருடைய நூல்களை நம் சபையார் நீங்கள் படித்திருப்பீர்கள். அவற்றுக்குப் பிழை திருத்தியவன் அவரைப் பற்றிப் பேசலாமா என்று இதை எழுதும்போதும் தயங்குகிறேன். ஆனால் அவர் எழுதிய விதத்தை அருகிலிருந்து பார்த்தவன் நான், அதில் சந்தேகமில்லை. மிஷனெரிகளின் அறிக்கைகளை மதிப்பார், முழுதாக நம்பமாட்டார். "காணிக்கை அனுப்புறவங்களுக்கு எழுதின கடுதாசிய்யா அது. அதுல மூட்டைப்பூச்சியும் இருக்காது, சபைச் சண்டையும் இருக்காது" என்பார். ஓர் அத்தியாயம் யாரைப் பற்றியதோ, அவர்கள் வீட்டில் வாசித்துக் காட்டாமல் அதை அச்சுக்கு அனுப்பமாட்டார்.

ஒதியம்பட்டில் சபைச் செயலாளர் தேவராஜ் வீட்டில் அப்படி ஒரு மாலை வாசித்தார். பஞ்சத்தில் மிஷன் கஞ்சித் தொட்டிக்கு வந்த கூலிக் குடும்பங்களே அந்தச் சபையின் தொடக்கம் என்ற இடம் வந்ததும் தேவராஜ் எழுந்துவிட்டார். அவருக்கு சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை.

"இன்னா ஐயா இது? கஞ்சிக்கு மாறுனவனுங்கன்னு கம்பெனில இப்பவே கிண்டல் பண்றானுங்க. நீங்களே எழுதிக் குடுத்துட்டா? எம் பொண்ணுக்கு மாப்ள வேற பாக்குறேன்."

உள்ளேயிருந்து அவருடைய அம்மா கேட்டார்: "மாப்ள வூட்டுக்காரன் மட்டும் பிரியாணிக்கா வந்தான்? அவனும் அதே தொட்டிதான்டா!"

வீடே சிரித்தது, தேவராஜ் மட்டும் சிரிக்கவில்லை. ஐயா அதைக் கவனித்தார். அந்த வரியை அவர் அடிக்கவில்லை. அதன் கீழே ஒன்றை எழுதி, அங்கேயே வாசித்தார்: "மழை பெய்தது. தொட்டியை மூடினார்கள். அவர்கள் போகவில்லை." பிறகு தேவராஜிடம், "முதல் வரிய எடுத்துட்டா இதுக்கு என்னப்பா மதிப்பு?" என்றார். 

அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் தேவராஜ் என்னிடம் வந்தார். அழுது கண் சிவந்திருந்தது. "ஐயாவும் போயிட்டாரு சார். ப்ரூஃப் உங்க கையிலதான் இருக்குது. அந்தப் பக்கத்த எடுத்துடுங்க சார்."

யாரையும் மறுத்துப் பேசிப் பழகாதவன் நான். யோசித்துச் சொல்கிறேன் என்று தொடங்கப் போனேன். "முடியாது தம்பி" என்றுதான் வந்தது. "உங்க வீட்ல உக்காந்து, உங்க எதிர்ல எழுதினது அது."

நூல் அந்த வரிகளோடுதான் வரும். ஆனால் கடைசி அத்தியாயம் வில்லியனூரில் நம் சொந்தச் சபையைப் பற்றியது. ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கமாக நாம் உட்கார்ந்திருந்த காலத்தைப் பற்றியது. அதை வாசித்துக் காட்ட அவருக்கு நாள் கிடைக்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வழக்கத்தைத்தான். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் வாசிப்பேன்.  ஆட்சேபம் உள்ளவர்கள் எழுந்து போய்விடாமல், முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.