சைகோனுக்குப் போன என் நோட்டு

ஏர்போர்ட் கவுண்ட்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டையும் வியட்நாம் விசாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பாஸ்போர்ட்டில் எனக்கு சர்நேம் இல்லை. நம்மவர்களுக்கு ஏது சர்நேம்? விசா படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் நகர மறுத்தது, அதனால் அப்பா பெயரைப் போட்டுத் தொலைத்தேன். இரண்டும் வேறு வேறு பெயர் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். கூட வந்த தோழிக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் அப்பா சாதிப் பெயரையே சர்நேமாக எழுதிக் கொடுத்திருந்தார்.

"நீ போ" என்றேன். போகமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். போய்விட்டாள்.

மும்பை தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்து, குர்லாவில் ஒரே ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். லீவு சேர்த்தது இரண்டு பேரும். ஆனால் சைகோனில் போர் நடந்த இடங்களைத் தேடி, எந்த பஸ், எந்தத் தெரு என்று நோட்டில் எழுதியது நான். அந்த நோட்டு அவள் முதுகுப்பையில் ஏறிப் போனது. வயிறு எரிந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரே ஆறுதல், நோட்டு தமிழில் இருந்தது. நான் முனிசிபல் தமிழ்ப் பள்ளி, அவள் இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேச வரும், வாசிக்க வராது. மறுநாள் மதியம் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அவளிடமிருந்து நோட்டுப் பக்கத்தின் போட்டோ வந்தது, பின்னாலேயே போனும் வந்தது.

"ஏட்டி, இதுல என்ன எழுதிருக்க? ஜல்தி வாசி, பஸ் வந்துரும்."

வாசித்தேன். கேட்டை இடித்துக்கொண்டு டாங்க் நுழைந்த அரண்மனை. போர் மியூசியம். ஊருக்கு வெளியே மண்ணுக்கடியில் தோண்டிய சுரங்கங்கள். மூன்று நாளும் அவள் பார்த்தாள், நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டு வாசித்தேன். சுரங்கத்திலிருந்து வெளியே வந்தவள், "ரொம்ப நெருக்கம்ட்டி, மூச்சு முட்டுது" என்றாள். எங்கள் சந்தில் சைக்கிள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கிறவளுக்கு அங்கே போய்த்தான் நெருக்கம் தெரிகிறதாம்!

மிச்சம் கடைசிப் பக்கம். ஒரு சந்துக்குள் சாதாரண வீடு. தரையில் டைல்ஸைத் தூக்கினால் ஆயுதங்களை ஒளித்துவைத்த நிலவறை. எங்கள் சந்து போன்ற ஒரு சந்தில், கீழே அத்தனையையும் வைத்துக்கொண்டு மேலே ஆட்கள் எப்படித் தூங்கினார்கள்? அதைப் பார்க்கத்தான் இந்தப் பயண ஆசையே எனக்கு வந்தது.

"இதுல என்னட்டி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கேன்சல் பண்ணுன ஹோட்டல் அட்ரஸ்."

மிச்சச் சோற்றை அப்படியே டப்பாவில் மூடிவைத்தேன். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வந்த அன்றைக்கே நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான் தங்குன எடத்துக்குக் கடைசி நாள் ஒரு மதுரைக்காரர் வந்தாரு. நீ போனை வச்சதும், ஒரு அட்ரஸுக்கு இத்தன வரியான்னு தோணி, கடைசிப் பக்கத்தை அவர்ட்ட காட்டுனேன். பூரா வாசிச்சுச் சொன்னாரு."

எனக்கு முகம் செத்துப்போனது. "பாத்துட்டியா, அந்த வீட்ட?"

"சந்து முனை வரைக்கும் போனேன். ஒனக்குன்னு ஒளிச்சு வச்சிருக்கன்னு புரிஞ்சுது, திரும்பிட்டேன். அடுத்த தடவ நீ மொதல்ல எறங்கு. பெறவு நான் எறங்குதேன்."

அவளைத் திட்டச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாயின. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பேன். சைகோன் அவளுக்குக் கிடைத்ததையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்த மனசும் அவளுக்கே கிடைத்திருக்க வேண்டுமா?