போணி ஆகாமல் சுருட்டாத துணி

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கொடும்பாளூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். பக்கத்தில் தரையில் துணி விரித்து ஒரு நரிக்குறவர் பெண் பாசிமாலை விற்கிறாள். குறட்டால் கம்பியை வளைத்து மணி கோத்துக்கொண்டே இருக்கிறாள். பின்னாலிருக்கும் பேன்சி கடைக்காரர் வந்து நிற்கிறார்.

"துணியச் சுருட்டு. கடைய மறைக்குது."

"இன்னும் போணி ஆகலண்ணே. போணி ஆகாம நீங்க ஷட்டர எறக்குவீங்களா?"

"ஆளக் கூட்டியாந்து அள்ளிருவேன்."

"மணி கோக்கிறது எங்க பரம்பரைத் தொழிலு. ரோட்டோரம் விக்கிறவங்களுக்குச் சட்டம் இருக்கு. நோட்டீஸ் குடுக்காம அதிகாரியே எங்கள எடுக்கக் கூடாது. நீங்க எந்த ஆபீசருண்ணே?"

நின்றவர்கள் சிரிக்கிறார்கள். அவர் குனிந்து துணியின் முனையைப் பிடித்து இழுக்கிறார். மணிகள் சரிகின்றன.

ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். கடையில் விலை கேட்கவே கூசுவேன். ஆனாலும் உதவுவதாக நினைத்து, ஒரு சிவப்பு மாலையை எடுத்துக்கொண்டு பணத்தை நீட்டிவிடுகிறேன்.

"போணி ஆயிருச்சுல்ல? இப்பச் சுருட்டு" என்கிறார் அவர்.

அவள் என்னைப் பார்க்கிறாள். நானே காரியத்தைக் கெடுத்துவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் துணி மேலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

"எந்திரிங்க ஆத்தா, ஒங்களுக்கு எதுக்கு இது?" என்கிறார் கடைக்காரர்.

"நான் இன்னும் எடுத்து முடிக்கலங்க தம்பி. வாங்க வந்தவங்கள ஒங்க கடையில எழுப்பி விடுவீங்களா?"

அவர் முனையை விடவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.