எங்களை வேறு வைத்த வருஷம்

செட்டிநாட்டு ஆச்சிமார் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் போனதும், அவனையும் அவன் பெண்டாட்டியையும் அதே வீட்டுக்குள் வேறு வைத்துவிடுவார்கள். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், வருஷத்துக்கு வேண்டிய அரிசி. சின்னஞ்சிறுசுகள் குடித்தனம் பண்ணப் பழக வேண்டுமாம். நல்ல வழக்கம்தான், இரண்டாம் கட்டு மூன்றாம் கட்டு என்று வீடு நீண்டுகொண்டே போகிறவர்களுக்கு.

அதை எங்கள் தெருவுக்கும் கொண்டுவந்தது காரைக்குடியில் ஆச்சிமார் சிலர் நடத்திய மாதர் சங்கம். அறுபதுகளின் நடுவில், மழை பொய்த்து அரிசிக்கு எல்லோரும் அல்லாடிய நேரம். புதிதாகக் கல்யாணமான ஏழைகளைச் சொந்தக் காலில் நிற்க வைக்கப்போகிறோம் என்றார்கள். என்னையும் என் வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டார்கள். அலுமினியப் பானை, வாணலி, மாதாமாதம் இரண்டு பேருக்கு அரிசி, எனக்குத் தையல் வகுப்பு. வருஷம் முடிந்தால் தையல் மெஷின். நிபந்தனை ஒன்றுதான். மாமியார், நாத்தனார் என்று வேறு யாரும் எங்கள் உலையில் சாப்பிடக் கூடாது. ஒட்டிக்கொண்டு தின்ன ஆள் இருந்தால் சின்னக் குடும்பம் எப்படி நிமிரும் என்று தலைவி ஆச்சி கேட்டார். மீறினால் மெஷின் கிடையாது, கொடுத்த பானையும் திரும்பப் போய்விடும்.

எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டு தின்ன இருந்தது என் மாமியார் ஒருவர்தான். அந்த வீட்டுக்கு மண் குழைத்துச் சுவர் வைத்ததும் அவர்தான். எனக்கும் அவருக்கும் ஆகாது. என் குழம்பை ஊற்றினால் மாடுகூட முகத்தைத் திருப்பும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவரைப் பின்சுவரை ஒட்டி இறக்கிய சாய்ப்புக்கு அனுப்பியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுபேச்சில்லாமல் போய் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்துக்கொண்டார். அடுப்பில் ஏற்றத்தான் ஒன்றும் இல்லை. வானம் பார்த்த காட்டில் களை எடுக்க யார் கூப்பிடுவார்கள்?

இரண்டே மாதத்தில் அவருக்குக் கன்னம் ஒட்டிப்போனது. என் வீட்டுக்காரர் பொறுக்கமாட்டாமல், அம்மாவுக்கும் சேர்த்து உலை வை என்றார். அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் அரை வயிறு சாப்பிட்டோம். குழம்பைப் பற்றி மாமியார் அப்புறம் வாயே திறக்கவில்லை.

மெஷின் வர ஒரு மாதம் இருந்தது. அன்று மத்தியானம் புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்து வைத்திருந்தோம். சங்கத்து ஆச்சிமார் இரண்டு பேர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றார்கள். என் மாமியாரை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அங்குட்டு உக்காந்து சாப்பிடுறது யாரு?" என்று மூத்த ஆச்சி கேட்டார். குரலில் கோபமே இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"யாரோ தெரியல ஆச்சி. பசிக்குதுன்னு வந்து நின்னுச்சு, போட்டோம்."

பெற்ற தாயை அப்படிச் சொன்னார். எங்கள் இருவருக்காகவும்தான் சொன்னார், தெரியும். ஆனாலும் அந்த நிமிஷம் வெறுத்ததுபோல அந்த மனுஷனை நான் என்றைக்கும் வெறுத்ததில்லை.

என் மாமியார் நிமிரவில்லை. ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றார். எழுந்து வந்து மகனுக்கு எதிரே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"மகராசனா இருங்க சாமி."

சொல்லிவிட்டுச் சாய்ப்புப் பக்கம்கூடப் போகாமல் தெருவில் இறங்கி நடந்தார். ஆச்சிக்கு மனம் இளகிவிட்டது. இரக்கம் இருக்க வேண்டியதுதான், ஆனால் பழக்கமாக்கிவிட வேண்டாம் என்று எங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். என் மாமியார் இருட்டிய பிறகுதான் சாய்ப்புக்குத் திரும்பினார்.

மெஷின் வந்தது. மாலை போட்டுக் கைதட்டிக் கொடுத்தார்கள். பொய் சொல்லக் கூடாது, அதை மிதித்துத்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆச்சிமார் வீட்டு ரவிக்கைத் துணிகூட என்னிடம் வந்தது.

நிபந்தனை முடிந்த அன்றே என் வீட்டுக்காரர் சாய்ப்புக்குப் போய் அம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் வரவில்லை. பொங்கலுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. கொண்டுபோய் வைத்த சோறு காய்ந்து கிடந்தது. கடலை உடைத்தும் வரட்டி தட்டியும் கிடைத்ததைத் தானே பொங்கித் தின்றார். பேரப்பிள்ளைகளை மடியில் போட்டுக் கொஞ்சுவார். மகன் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

எழுபதுகள் பிறந்த பிறகு ஒரு மாசியில் செத்துப்போனார். குளிப்பாட்டிக் கிடத்தி, வாய்க்கரிசி போட மகனைக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் பானையிலிருந்து ஒரு கை அரிசி அள்ளிக்கொண்டு வந்தார். அதற்குள் எதிர்வீட்டுக்காரி தன் மடியிலிருந்து சின்னத் துணி முடிச்சு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஒங்கம்மா கூலி அரிசிப்பா. ஒங்க வீட்டு அரிசி வாயில படக்கூடாது, இதத்தான் போடணும்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிருச்சு."

ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. முடிச்சை வாங்குவதற்குக் கை காலியாக வேண்டும். கையிலிருந்த அரிசியை எங்கே போடுவதென்று தெரியாமல் அவர் என்னைப் பார்த்தார். நான் முந்தானையை ஏந்தவில்லை.