குழந்தைவேல் சார் அமைதியானவர் அல்லர்

குழந்தைவேல் சாரின் மகள் நித்யா அழைத்தபோது நான் நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் இந்தியக் கடையில் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லாவுக்கு மேலே இருந்த தொலைக்காட்சியில் அரபு நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் நீண்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்து, போர் குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆண்ட்டி, அப்பா போயிட்டாங்க," என்றாள்.

கலிஃபோர்னியா டப்ளினில் அவள் வீட்டில்தான். காலையில் வாக்கிங் போய் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகும் டிவி ஓடிக்கொண்டே இருந்ததாம். அதை யாரும் நிறுத்தவில்லை என்பதைச் சொல்லித்தான் அவள் அழுதாள்.

அந்த அமைச்சர்களைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதே எனக்கு முதலில் தோன்றியது. அவர் இனி இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மாலைக்குள் நம் தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்தி வந்தது. எண்ணெய்த் துறை வல்லுநர், அமைதியானவர், எல்லோரிடமும் இனிமையாகப் பழகியவர். அதன் கீழே உங்களில் பலர் கைகூப்பியிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் அந்தச் செய்தியில் இருந்தவரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த குழந்தைவேல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே விஷயத்துக்காகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தவர். அந்தக் கோபத்தை எடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சும் சர்க்கரை போடாத காபியும்தான்.

ஹூஸ்டனில் ஒரு குழாய்ப்பாதை நிறுவனத்தில் பல ஆண்டுகள் நாங்கள் அடுத்தடுத்த இருக்கைகளில் வேலை பார்த்தோம். நான் மென்பொருள், அவர் பம்புகள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் வேலு. நான் சார் என்றேன். என்னை விட மூத்தவர் என்பதால் அல்ல, அவரோடு சண்டை போடும்போது மரியாதை குறையாமல் இருக்கட்டும் என்றுதான்.

அவருடைய கோபத்தின் கதையை ஒரு மதியச் சாப்பாட்டின்போது சொன்னார். இளைஞராக இருந்தபோது இராக்கின் மேற்குப் பாலைவனத்தில் ஒரு பம்பிங் ஸ்டேஷனில் வேலை. அங்கிருந்து எண்ணெய் சிரியா வழியாகக் கடலுக்குப் போகும். இராக்குக்கும் ஈரானுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. இராக்கையும் சிரியாவையும் ஆண்டவை ஒரே பெயர் கொண்ட கட்சிகள்; ஒருவரையொருவர் அழிக்கக் காத்திருந்தவை. ஒருநாள் சிரியா எல்லையை மூடியது. குழாயையும் மூடியது. கூட வேலை பார்த்த காசிம் என்ற இராக்கியர் அன்று சாப்பிடவில்லை. அவர் கவலை எண்ணெயைப் பற்றியது அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம், அதே ஆற்றங்கரையில் இருந்த அடுத்த ஊரில்தான் அவருடைய அக்கா நவாலைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

சில மாதங்களில் காசிமின் தந்தை இறந்துபோனார். அக்காவுக்குச் சொல்ல வழியில்லை. தொலைபேசி அறுந்திருந்தது, தபால் போகவில்லை. சைக்கிளில் போகக்கூடிய தூரம். ஆனால் இராக்கியர் யாரும் போக முடியாது. குழந்தைவேல் அப்போது விடுப்பில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். காசிம் கேட்கவில்லை, இவராகத்தான் போகிறேன் என்றார். பாலைவனச் சாலையில் ஜோர்டானுக்குப் போய், அங்கிருந்து டமாஸ்கஸ், அங்கிருந்து பஸ் மாறிக் கிழக்கே அந்த ஊர். இந்திய பாஸ்போர்ட்டில் இராக் முத்திரையைப் பார்த்த சிரியா அதிகாரி அவரைப் பாதி நாள் ஓர் அறையில் உட்கார வைத்தார். உளவாளியா என்று கேட்டார். பம்பு மெக்கானிக் என்று இவர் தனக்குத் தெரிந்த அரபியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நவால் கதவைத் திறந்ததும், வந்தவர் தம்பியின் நண்பர் என்று தெரிந்தவுடன், பேச விடாமல் முதலில் சாப்பாடு போட்டாராம். சேதி என்னவென்று உணர்ந்துதான் அதைத் தள்ளிப்போட்டார் என்பது இவருடைய ஊகம். சாப்பிட்டு முடித்ததும் இவர் சொன்னார். நவால் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டார். தந்தையின் உடலைக் குளிப்பாட்டியது யார்? இவருக்கு அந்த அரபுச் சொல் புரியவில்லை. நவால் கையால் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். அது யாரென்று இவருக்குத் தெரியாது. அதைக் காசிமிடம் கேட்டு வரவில்லை.

"அத்தனை தூரம் சுத்திப் போயிருக்கேனுங்க. அந்தம்மா கேட்ட ஒரே கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை," என்றார் என்னிடம். மறுநாள் நான் வேறு பேச்சு எடுத்தபோதும் அதற்கே திரும்பி வந்தார்.

பிறகு குவைத் போர் வந்தது. இராக் பக்கத்து நாட்டுக்குள் புகுந்தது. அமெரிக்கா வந்து இறங்கியது. சிரியாவும் அமெரிக்காவின் பக்கம் நின்று சவூதிப் பாலைவனத்துக்குப் படை அனுப்பியது. அதில் நவாலின் கொழுந்தன் இருந்தார். எதிர்ப்பக்கத்தில் காசிமின் தம்பி. கொழுந்தன் திரும்பி வந்தார். தம்பி வரவில்லை; அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் போனார். அதற்குப் பல ஆண்டுகள் கழித்து சிரியாவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது நவால் குடும்பத்தோடு பிறந்த ஊருக்குப் போய்விடலாம் என்று எல்லைக்கு வந்தார். இந்த முறை கதவைச் சாத்தியிருந்தது பாக்தாத். அவரும் ஜோர்டானைச் சுற்றித்தான் தப்பினார். இப்போது அம்மானில் இருக்கிறார். காசிம் 2003-இல் இராக்கில் நடந்த அமெரிக்கப் படையெடுப்புக்குப் பிறகு அகதியாக ஹூஸ்டன் வந்து சேர்ந்தார். அவருக்கு வீடு பார்த்துக் கொடுத்தது, வேலைக்குச் சிபாரிசு செய்தது எல்லாம் குழந்தைவேல்தான்.

இதையெல்லாம் நான்கு பேரிடம் சொல்ல வேண்டும் என்று அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்டு முடித்ததில்லை. இப்போது நடக்கும் இந்தப் போர் தொடங்கியதும் சன்னிவேலில் ஒரு கலந்துரையாடல் ஏற்பாடு செய்து, வளைகுடா அனுபவம் உள்ளவர் என்று அவரைக் கூப்பிட்டார்கள். நானும் நியூ ஜெர்சியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்ததால் போயிருந்தேன். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள்.

பெட்ரோல் விலை எவ்வளவு ஏறும் என்று முதல் கேள்வி. துபாய் வழியாகப் போட்ட டிக்கெட்டை கேன்சல் பண்ணலாமா என்று இரண்டாவது. அவர் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு எல்லைகளைப் பற்றி ஆரம்பித்தார். தம் மண்ணில் அந்நியப் படைத்தளத்தை வைத்துக்கொண்டே பக்கத்து நாட்டுக்காக வருந்தி அறிக்கை விடும் அரசுகளைப் பற்றிச் சொன்னார். நவாலின் கதைக்கு வந்தபோது கூட்டத்தை நடத்தியவர், "சார், டூ மினிட்ஸ்ல வைண்ட் அப் பண்ணிடுங்க," என்றார். முன்வரிசையில் இருந்த ஒருவர் அலுப்போடு, அவங்க எப்பவுமே அடிச்சுக்கிற ஆளுங்கதானே என்றார்.

குழந்தைவேல் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"காவிரிக் கலவரத்தப்ப ஓசூரத் தாண்ட முடியாம நின்னவங்க இங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். பின்னால் இருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினார். "நமக்கும் கர்நாடகாக்காரங்களுக்கும் நடுவுல அன்னிக்கு வெளிநாட்டுப் பட்டாளம் எதுவும் இல்லைங்க. அதனால கொஞ்ச நாள்ல பஸ் விட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

நேரமாகிவிட்டது என்று சொல்லி டின்னருக்கு அழைத்தார்கள். அவர் சாப்பிடாமல் கிளம்பினார். டப்ளின் வரைக்கும் நான்தான் டிரைவ் பண்ணிக்கொண்டு போனேன்.

அவர் சொன்னதையெல்லாம் நான் ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். அன்று காரிலேயே சண்டை போட்டோம். பக்கத்து நாட்டு அரசுகளையே திட்டிக்கொண்டிருந்தால் குண்டு போடுகிறவன் தப்பித்துக்கொள்கிறான் என்றேன். காசிமின் தம்பியைக் கொன்றது அண்டை நாட்டுக்காரன் இல்லை, நாம் வரி கட்டுகிற இந்த நாடு என்றேன். வெளியிலிருந்து வருகிறவன் கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை, பக்கத்து வீட்டுக்காரன்தான் வழி விடுகிறான் என்பது அவருடைய வழக்கமான வாதம். அதையே சொன்னார். வழி விடச் சொல்லி மிரட்டுவது யார் என்று நானும் விடவில்லை. ஃப்ரீவேயில் எக்ஸிட்டைத் தவறவிட்டோம்.

வீட்டு வாசலில் இறங்கியவர் கதவைச் சாத்தாமல் குனிந்து சொன்னார்.

"நீங்க சொல்றதும் சரிதானுங்க. ஆனா குண்டு போடறவனை நான் எதிர்பார்த்தேன். அடுத்த வீட்டுக்காரனை எதிர்பார்க்கலை."

நான் அவரை நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

தகனத்துக்கு ஹூஸ்டனிலிருந்து காசிம் வந்திருந்தார். விபூதி, மாலை, தேவாரம் எல்லாவற்றுக்கும் நடுவே கோட் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். நித்யா அவரைப் பேசச் சொன்னாள். அவர் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்: "எங்கள் தலைவர்கள் ஒருவரையொருவர் சகோதரரே என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். என் அக்கா வீட்டுக்குப் போய்த் துக்கம் சொன்னவர் இந்தியர்." தகனக் கூடத்தில் அடுத்த குடும்பம் காத்திருந்ததால் எங்களையும் சீக்கிரம் முடிக்கச் சொன்னார்கள்.

வீடு திரும்பிய பிறகும் போர் நிற்கவில்லை. அமைச்சர்கள் இன்னொரு ஊரில் கூடி இன்னொரு அறிக்கை கொடுத்தார்கள். இரண்டு அண்டை நாடுகள் தூதர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டன. இங்கே பார்ட்டிகளில் எந்த ஏவுகணை எவ்வளவு தூரம் போகும் என்று பேசுகிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இந்த எரிச்சலை ஆற்றிக்கொள்ளவும் நான் விரும்பவில்லை.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது செய்தி படிக்கும் ஒரு முறை. யார் ஜெயிக்கிறார்கள் என்று தேடுவதை விட்டுவிட்டேன். எந்த எல்லைச் சாவடி மூடியிருக்கிறது, யார் மூடினார்கள், அங்கே காத்திருப்பவர்கள் யார் என்று தேடுகிறேன். பெரும்பாலும் அது செய்தியின் கடைசிப் பத்தியில் ஒரு வரியாகத்தான் இருக்கும். பல நாள் அதுவும் இருக்காது.

வீட்டு வாசலில் அவர் சொன்ன கடைசி வாக்கியத்துக்கு என்னிடம் ஒரு பதிலும் இருக்கிறது. மெல்ல மெல்லத்தான் பிடிபட்டது; நல்ல பதில். குறைந்தது ஒரு வாரமாவது அவரைக் கோபப்படுத்தியிருக்கும். அதை உங்களில் யாரிடமும் சொல்லப்போவதில்லை. நீங்கள் சண்டை போடாமல் சரி என்று சொல்லிவிடுவீர்கள்.