ஓரத்தில் முட்டி நின்ற விரிசல்

உலோகப் படிகத்தில் விரிசல் எப்படி ஓடும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் பதினோரு வருடமாக அவளுக்குப் பிழைப்பு. மின்நிலையத்தில் சுழலும் டர்பைன் இயந்திரத்தின் இறக்கையில் விரிசல் பாதியிலேயே நின்றுவிடும் என்று போன மாதம் எழுதிக் கொடுத்திருந்தாள். இன்று காலை அதே கணக்கைத் திறந்தவள் தன் தப்பைக் கண்டுபிடித்தாள். கணக்குக்கு எடுத்துக்கொண்ட சிறு துண்டின் ஓரத்து அணுக்களைக் கணினியில் அசையாதபடி அவளே கட்டிப்போட்டிருந்தாள். விரிசல் அதில் முட்டித்தான் நின்றிருக்கிறது. நிஜ இறக்கையில் யார் கட்டிப்போடுவது?

மேலதிகாரியிடம் ஓடினாள்.

“இறக்கையை மாட்டியாச்சும்மா. இப்பப் போய்க் கிளறாதே,” என்றார் அவர், தலை நிமிராமல்.

அந்த மின்நிலையத்தில்தான் அவள் அண்ணனுக்கு வேலை. போனில் கூப்பிட்டாள்.

“அண்ணா, அந்த டர்பைன் பக்கம் போகாதே.”

“பக்கத்துலதான் நிக்கிறேன்,” என்று சிரித்தான். “ஒண்ணும் ஆகாதுன்னு நீ கையெழுத்துப் போட்ட பேப்பரை இதுமேலதான் ஒட்டியிருக்கோம்.”