கெட மாட்டேன் என்ற டி.வி.

இருபத்திரண்டு வருஷம் வளைகுடாவில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர் ஊரோடு வந்து சேர்ந்தபோது, கன்னியாகுமரியில் எங்கள் பன்னிரண்டு அறை லாட்ஜில் அவருக்கென்று ஒரு வேலையும் இல்லை. லாட்ஜ் என் அப்பா கட்டியது. துணி துவைக்கப் போடுவது, தண்ணி மோட்டார், வங்காளத்திலிருந்து வருகிறவர்களோடு உடைந்த இந்தியில் மல்லுக்கட்டுவது எல்லாம் நானே பார்த்துப் பழகியிருந்தேன். என் நாக்கும் கொஞ்சம் நீளம். யாராவது துடைப்பத்தைத் தொட்டால்கூட "அப்படியில்லை, இப்படி" என்று சொல்லிவிடுவேன். அவர் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, அறை கேட்டு வந்தவர் மாதிரி வரவேற்பு மேசைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இந்த மனுஷன் திரும்பிப் போய்விடுவாரோ என்பதுதான் அந்த நாட்களில் என் ஒரே பயம்.

அதனால்தான், சீசனுக்கு முன்னால் எல்லா அறைக்கும் டிஜிட்டல் டி.வி. போடலாம் என்று நானே பேச்செடுத்தேன். பழைய கேபிளில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது என்று வருகிறவர்கள் முகம் சுளித்தது உண்மை. வளைகுடா ஓட்டலில் அவர் பார்த்தது இதே டி.வி. ஒயர் வேலை என்பது அதைவிடப் பெரிய உண்மை. ஆள் கூப்பிட வேண்டாம், நானே செய்கிறேன் என்றார். கோட்டாறு கடைவீதிக்கு இரண்டு தடவை போய்ச் சாமான் வாங்கி வந்தார். மொட்டை மாடியில் ஒரு டிஷ் குடை, பக்கத்துச் சுவரில் ஒரு தகரப் பெட்டி. பெட்டியிலிருந்து அறைக்கொன்றாகப் பன்னிரண்டு ஒயர் இறங்கி, ஒவ்வொரு அறையிலும் ஒரு செட்டாப் பாக்ஸில் போய் முடிந்தது. மேலேயிருந்து "தெளியுதா?" என்று கத்துவார். நான் அறைக்குள்ளிருந்து "தெளியுது" என்று கத்துவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் பெட்டியை அவர் கடல் பார்த்த சுவரில் அடித்திருந்தார். அவர் ஊர் அஞ்சுகிராமம் பக்கம், வயல்காட்டு ஆள். வளைகுடாவிலோ ஒயரெல்லாம் ஏ.சி. கட்டடத்துக்குள்ளேயே ஓடும். எங்கள் உப்புக்காற்றைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? ஜன்னல் கொண்டி, பூட்டு, எதையும் அது விட்டுவைக்காது. சனிக்கிழமைதோறும் பூட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவள் நான். ஒயர் முனைகளில் அவர் திருகியிருந்த பின்கள் மூன்று மாதம் தாங்காது என்று பார்த்த உடனே தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே வறுத்தெடுத்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே, அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம் மேலே ஏறினேன். மோட்டாருக்கு வாங்கி வைத்திருந்த கிரீஸைப் பன்னிரண்டு பின்னிலும் தடவி, பால் கவரை வெட்டிச் சுற்றி, பூக்கட்டுகிற நூலால் கட்டினேன். பிறகு மாதம் ஒரு முறை பிரித்துப் பார்த்து, மறுபடி தடவிக் கட்டினேன். சீசன் முழுக்க ஒரு அறையிலிருந்தும் குறை வரவில்லை. அவர் கைராசி என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வளைகுடாவிலிருந்து அவருடைய பழைய சூப்பர்வைசர் போன் பண்ணினார். அங்கே புது ஓட்டல், இரண்டு வருஷ வேலை, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

"போகப் போறியளா?" என்று கேட்டேன்.

"இஞ்ச எனக்கு என்ன சோலி இருக்கு? எல்லாம் நீ பாத்துக்கிடுத. நான் போட்ட டி.வி.கூட கெட மாட்டேங்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தினமும் காலையில் அறை அறையாகப் போய் "டி.வி. ஒழுங்கா வருதா?" என்று அவர் விசாரித்தது கவலையில் இல்லை, ஒன்றாவது கெட்டிருக்காதா என்ற ஆசையில் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அவர் தலைகுனிந்துவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் செய்து, அவருக்கு இருந்த ஒரே சோலியையும் நானே பிடுங்கிக்கொண்டேன்.

மறுநாள் அவர் குளிக்கப் போனதும், கல்லுப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். ஒன்பதாம் அறைக்குப் போகிற ஒயரை மட்டும் பிரித்து, கிரீஸைத் துணியால் துடைத்து, உப்புத் தண்ணீரை விட்டேன். வியாழக்கிழமையும் போய் விட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதேதான். வெள்ளிக்கிழமை காலையில் ஒன்பதாம் அறைக் கொல்லத்துக்காரர் இறங்கி வந்து, படம் சதுரம் சதுரமாக உடைகிறது என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

"ஏங்க, கேட்டியளா! ஒம்பதுல டி.வி. போச்சு!"

என் சத்தத்தில் வருத்தம் துளிகூட இல்லை. அவர் டெஸ்டரும் கட்டிங் பிளேயருமாக இரண்டிரண்டு படியாக ஏறிப் போனார். போன பிறகுதான், மற்ற பதினொரு ஒயரும் பால் கவர் சுற்றினபடியே இருப்பது எனக்கு உறைத்தது.

அரைமணி நேரம் படியடியிலேயே நின்றேன். பிறகு "தெளியுதா?" என்று குரல் வந்தது. ஒன்பதாம் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்து, "தெளியுது" என்றேன்.

இறங்கி வந்தவர் கையில் பால் கவர்த் துண்டும் நூலும் இருந்தன.

"பிச்சிப்பூ கெட்டுத முடிச்சு போட்டு ஒயரைக் கெட்டுதவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான் இருப்ப," என்றார். "எப்ப இருந்து?"

"போட்ட வாரத்துல இருந்தே."

"உப்பு ஊத்துனது?"

"நீங்க போவேன்னு சொன்ன பொறவு."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்த கிரீஸ் டப்பாவ இஞ்ச தா. இனி நீ மேல ஏறாண்டாம். அது என் சோலி."

எடுத்துக் கொடுத்தேன். எப்படித் தடவ வேண்டும், எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.