மூன்று நக்கெட்டும் ஒரு பால்குடமும்

பூச்சோங்கில் இருக்கும் என் நாத்தனார் போன வாரம் போன் செய்தாள். பள்ளி விடுமுறைக்குக் கடலோரத்தில் ஹோட்டல் எடுத்திருக்கிறார்களாம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி அறையும் ஆளும் உண்டாம்.

“அண்ணி, நீங்க சாமி கும்பிடுறவங்க, சரியா சொல்வீங்க. ரெண்டு மணி நேரம் அங்க விட்டுட்டு நானும் அவரும் கடல் பக்கம் நடந்துட்டு வந்தா பாவமா லா?” என்றாள்.

பாவம் புண்ணியம் சொல்ல நான் யார்? மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். அடுப்பில் பருப்பு கொதிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு என் ஏழாவது வயதுதான் முன்னால் வந்து நின்றது.

அப்போது நாங்கள் கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டினார். அதற்கு முந்தின வருடம் லோரி கவிழ்ந்து, கால் முறிந்து, நான்கு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவர் எழுந்து நடந்தால் தைப்பூசத்துக்கு அவர் காவடி எடுப்பார், தான் அவர் பின்னாலேயே பால்குடம் தூக்கிப் பத்துமலைப் படி ஏறுவதாக அம்மா முருகனிடம் வேண்டிக்கொண்டார். அப்பா நடந்தார். வேண்டியவர் அம்மா. ஆனால் வீட்டில் எல்லோரும் அதை ‘அப்பாவோட விரதம்’ என்றுதான் சொன்னோம்.

நாற்பத்தெட்டு நாள் விரதம். அதை நடத்தியவர் அத்தை, அப்பாவின் அக்கா. தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். எங்களோடுதான் இருந்தார். விரதம் தொடங்கிய நாளிலிருந்து அம்மா விடிய நான்கு மணிக்கு எழுந்து தலைக்குக் குளித்து, வீடு கழுவி, விரதத்துக்கென்று வாங்கிய புதுப் பாத்திரத்தில் சமைப்பார். அத்தை பின்னாலேயே நின்று பார்ப்பார். “அந்தக் கரண்டிய இதுல போடாத”, “துணிய அங்க காயப் போடாத” என்று குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். நானும் கோழி, மீன், முட்டை தொடக்கூடாது. வீட்டில் ஒருவர் தவறினாலும் அந்தப் பாவம் காவடி எடுப்பவர் மேல் போகும் என்று அத்தை சொல்லியிருந்தார். ஏழு வயதில் அதை நான் அப்படியே நம்பினேன்.

விரதம் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பள்ளி விடுமுறை என்பதால், அப்பாவின் முதலாளி லோரிக்காரர்களையெல்லாம் குடும்பத்தோடு ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனார். கோலாலம்பூருக்குப் பக்கத்தில்தான். நீச்சல் குளம் உள்ள பெரிய ஹோட்டல், இரண்டு இரவு, எல்லாம் இலவசம். வீட்டு விளக்கை விட்டு வர முடியாது என்று அத்தை தங்கிவிட்டார். “புள்ளையையும் என் தம்பி சாப்பாட்டையும் நீ பாத்துக்க” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

நாங்கள் ஹோட்டலுக்குப் போன கோலத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மற்றவர்கள் நீச்சல் உடையும் மிதவை வளையமும் கொண்டு வந்தார்கள். அம்மா கொண்டு வந்தது ரைஸ் குக்கர், பருப்பு, புதுப் பாத்திரம், முருகன் படம். ஹோட்டல் சாப்பாட்டில் எந்தக் கரண்டி எதில் பட்டதோ! கண்ணாடி ஜன்னல் ஓரத்தில் தரையைத் துடைத்து, அங்கேயே சோறு பொங்கினார். அப்பா அந்தப் பெரிய மெத்தையைத் தொடவில்லை. கம்பளத்தின் மேல் வேட்டியை விரித்துப் படுத்தார். பக்கத்து அறை லோரிக்கார மாமா எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, முதலாளி மெத்தைக்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்காரு. நீங்க படுக்கலன்னா நான் உருண்டுட்டுப் போறேன்” என்றார்.

இரண்டாம் நாள் அப்பாவுக்குக் கீழே கயிறு இழுக்கும் போட்டி. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் அம்மா என்னை இரண்டாம் மாடிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஓர் அறை. சுவரெல்லாம் மீனும் ஆமையும் வரைந்திருந்தது. சறுக்கு மரம், பந்து நிரப்பிய தொட்டி, ஒரு தொலைக்காட்சி. செந்தூலிலிருந்து வேலைக்கு வரும் தமிழ் அக்கா ஒருவர் பார்த்துக்கொண்டார். என் கையில் அறை எண் எழுதிய காகிதப் பட்டையைச் சுற்றினார்.

“நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். சமத்தா இரு” என்றார் அம்மா. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். எப்போதும் அப்படி நடக்கமாட்டார்.

முதலில் விளையாடினேன். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராக வந்து கூட்டிப் போனார்கள். ஒரு சீனப் பையனை அவன் அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். ஒரு மலாய்ச் சிறுமியின் அம்மா ஈரத் தலையோடு வந்து, அவளை நீச்சல் குளத்துக்கு அழைத்தார். கடிகாரத்தின் சின்ன முள் எங்கே நிற்கிறது என்று அக்காவைக் கேட்டுக் கேட்டே நான்கு மணியும் தாண்டிவிட்டது. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதவின் அந்தப் பக்கம் நீண்ட தாழ்வாரம். யார் வந்தாலும் முதலில் கால்தான் தெரியும். எதுவும் அம்மாவின் கால் இல்லை.

“வருவாங்க லா. அழுதா அந்த ஆமை சிரிக்கும் பாரு” என்றார் அக்கா.

அம்மா எனக்குத் தெரியாமல் குளத்தில் விளையாடிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அழுகை போய் ஆத்திரம் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தட்டில் பொரித்த கோழித் துண்டுகள், நக்கெட், வந்தன. அக்கா என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

“நீ சைவமா மா? பிஸ்கட் தரட்டா?”

“இல்ல, நான் சாப்பிடுவேன்” என்றேன்.

மூன்று சாப்பிட்டேன். முதலாவது அம்மா மேல் இருந்த கோபத்தில். இரண்டாவது பசியில். மூன்றாவது ருசியாக இருந்ததால். வயிற்றில் அது இறங்கின பிறகுதான் அப்பாவின் நினைவு வந்தது.

அம்மா ஆறு மணிக்கு ஓடி வந்தார். தலை கலைந்து, ஒரு கன்னத்தில் தலையணைக் கோடு விழுந்து, காலில் அப்பாவின் சிலிப்பர். என்னை வாரிக் கட்டிக்கொண்டார். “தூங்கிட்டேன் மா. கண்ண மூடினேன், அவ்வளவுதான்” என்றார். படி இறங்கும்போது குனிந்து, “அத்தைகிட்ட சொல்லிடாத, என்ன?” என்றார். நான் தலையாட்டினேன். அம்மா தன் ரகசியத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். என்னுடையதை நான் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் இருந்த தனிமையில் இன்றுவரை வேறு எப்போதும் இருந்ததில்லை. வீடு நிறைய ஆட்கள். ஆனால் சொல்ல ஒருவரும் இல்லை. தினமும் சாமி அறையில் எல்லோருக்கும் பின்னால் நின்று, “முருகா, அது சின்ன நக்கெட். அப்பாவ ஒண்ணும் செஞ்சிடாத” என்று கும்பிட்டேன். அப்பா நொண்டி நடந்தால் பயம். அப்பா இருமினால் பயம்.

தைப்பூசத்தன்று பத்துமலை ஆற்றங்கரையில் அப்பா குளித்து வந்து முக்காலியில் உட்கார்ந்தார். உறுமி முழங்கியது. “வேல் வேல்” என்று சுற்றி நின்றவர்கள் சொல்லச் சொல்ல அப்பாவுக்கு அருள் வந்தது. பூசாரி திருநீறு போட்டு நாக்கில் வேலைக் குத்தினார். அம்மா மஞ்சள் சேலையில், தலையில் சும்மாடு வைத்து, பால்குடத்தோடு தயாராகப் பின்னால் நின்றார். நாற்பத்தெட்டு நாளில் அன்றுதான் அம்மாவின் முகம் மலர்ந்திருந்ததைப் பார்த்தேன்.

அப்பாவின் தாடையில் ஒரு துளி ரத்தம் இறங்கியது.

வேலின் முனை எங்கோ நரம்பில் பட்டிருக்கும். இன்று எனக்கு அது தெரியும். ஆனால் விரதம் சுத்தமாக இருந்தால் ரத்தம் வராது என்பது எங்கள் நம்பிக்கை. அத்தையின் கண் எங்கள் எல்லோர் மேலும் ஒரு சுற்றுச் சுற்றியது.

“யாரு தப்புப் பண்ணது?”

அப்பா படியில் விழுந்து செத்துப்போவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. “நான்தான் அத்தை. ஹோட்டல்ல கோழி சாப்பிட்டேன். அம்மா என்னை அந்த ரூம்ல விட்டுட்டுத் தூங்கிட்டாங்க” என்று கத்தினேன். ஒரே மூச்சில் இரண்டு ரகசியமும் வெளியே வந்துவிட்டன.

“எந்த ரூம்ல?” என்றார் அத்தை, அம்மாவைப் பார்த்து.

“புள்ளைங்கள பாத்துக்கிற ரூம், அண்ணி. அசதியா இருந்துச்சு…”

“விரத வீட்டுப் பொம்பள, பெத்த புள்ளைய முன்ன பின்ன தெரியாதவங்க கையில குடுத்துட்டு பட்டப்பகல்ல தூங்குனியா? சுத்திப் பாக்கப் போன எடத்துல புள்ளைய பாக்கிறதவிட உனக்கு என்ன வேல?”

“விடுங்கம்மா, சின்னப் புள்ள சாப்பிட்டதுக்கெல்லாம் முருகன் கோவிச்சுக்க மாட்டான்” என்று பூசாரி சொன்னார். உறுமிச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் நாக்கில் வேல் இருந்தது. அவரால் ஒரு வார்த்தை பேச முடியாது.

அத்தை குடத்தை அம்மாவின் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அவரும் விரதம் இருந்தவர்தான். “வேண்டுதல் நிக்கக் கூடாது, நான் தூக்குறேன். நீ புள்ளையோட கீழ இரு. இன்னிக்காவது அத ஒழுங்கா பாத்துக்க.”

காவடி நகர்ந்தது. அத்தை பின்னால் போனார். கூட்டம் எங்களை அடிவாரம்வரை தள்ளிக்கொண்டு வந்தது. அப்பாவின் காவடி மயிலிறகு படிகளில் ஏற ஏறச் சிறிதாகிக்கொண்டே போனது. அம்மா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். சும்மாட்டை எடுக்க மறந்துவிட்டார் போல. வெறும் சும்மாடு தலையிலேயே இருந்தது. யாராவது இடித்தால் கை தானாக உயர்ந்து, இல்லாத குடத்தைப் பிடிக்கப் போயிற்று.

என் பயமெல்லாம் தீர்ந்துவிட்டது. சொல்லிவிட்டேன். அப்பா நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருக்கிறார். ஐஸ்கிரீம் கேட்டேன். அம்மா வாங்கிக் கொடுத்தார். தின்று முடித்ததும் அவர் விரல்களை என் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இத்தனை ஆயிரம் பேருக்கு நடுவிலும் அம்மா என்னை யாரிடமும் விடவில்லை, மேலே போகாமல் எனக்காகவே கீழே நிற்கிறார், இன்று முழுக்க அம்மா எனக்குத்தான் என்று அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.